வின்ரார் என்று தேடினேன், வயிறு கலங்கிவிட்டது

கேள்வி: நீடாமங்கலத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன் சார். சம்பா பயிர்க் காப்பீட்டு நேரத்தில் சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் ஜிப் ஃபைலாக மெயிலில் தட்டிவிட்டுப் பிரின்ட் கேட்பார்கள். சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் தங்கச்சி பையன், "மாமா, கடை கம்ப்யூட்டர்ல இருக்கிற சாஃப்ட்வேரை எல்லாம் என்விடி-ங்கிற வெப்சைட்ல தேடிப் பாருங்க, திருடன் நுழையுற ஓட்டை இருந்தா தெரியும்" என்றான். ஜிப் ஃபைலைத் திறக்கும் வின்ரார் சாஃப்ட்வேரைத் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. விண்டோஸ் என்று போட்டால் முடிவே இல்லை. கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிடலாமா?
(கடைக்காரர், நீடாமங்கலம்)

பதில்: போட்டுவிடாதீர்கள். காப்பீட்டுக்குக் கடைசி நாளன்று உங்கள் கடை வாசலில் நிற்கிற கூட்டம் என்னைச் சும்மா விடாது.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், "நெல்லுக்கு என்னென்ன நோய் வரும்?" என்று கேட்டால் ஒரு புத்தகமே தருவார்கள். என்ன ரகம், நட்டு எத்தனை நாள் என்று சொன்னால்தான் உங்கள் வயலுக்குப் பதில் வரும். நீங்கள் ரகத்தைச் சொல்லாமல் தேடியிருக்கிறீர்கள். சாஃப்ட்வேருக்கு ரகம் என்பது வெர்ஷன் நம்பர்.

வின்ராரைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் அபவுட் என்பதைத் தட்டுங்கள். கும்பகோணத்தில் என்னிடம் சர்வீஸுக்கு வருகிற கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் 5-ல் தொடங்கும் ஏதோ ஒரு நம்பர்தான் இருக்கும். விற்றவர் தன் பென்டிரைவிலிருந்து போட்டுக் கொடுத்தது, அப்படியே கிடக்கும். உங்களுடையது எதுவோ, அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

என்விடி என்பது அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பு நடத்தும் தரவுத்தளம். அதில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சிவிஇ எண் உண்டு. 1999-ல் மைட்டர் அமைப்பு தொடங்கிய முறை இது. உங்கள் தொழிலுக்கு நேராக வருகிற ஒன்றைச் சொல்கிறேன்: சிவிஇ-2023-38831. ஜிப்புக்குள் அடங்கல் பிடிஎஃப் ஒன்று இருக்கும், அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் இருக்கும். வின்ராருக்குள்ளேயே அந்தப் பிடிஎஃப்பை டபுள் கிளிக் செய்தால், ஃபோல்டருக்குள் ஒளித்து வைத்த வேறு ஏதோ ஓடிவிடும். உங்களுக்கு அடங்கல் திறந்த மாதிரியே தெரியும்.

அந்தப் பக்கத்தில் கீழே இறங்கினால் எந்தெந்த வெர்ஷனுக்குப் பாதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கேதான் பலரும் சறுக்குவார்கள். 'அப் டு' என்று போட்டு, பக்கத்தில் 'எக்ஸ்க்ளூடிங்' என்றிருந்தால் அந்த எண் தப்பித்தது, 'இன்க்ளூடிங்' என்றிருந்தால் அந்த எண்ணும் மாட்டியது. இந்த ஓட்டை 6.23-ல் அடைக்கப்பட்டது. ஆனால் அதோடு நிற்காதீர்கள். 2025-ல் சிவிஇ-2025-8088 என்று இன்னொன்று வந்தது, அது 7.13-ல்தான் அடைபட்டது. அதனால் வின்ராரின் சொந்தத் தளமான ரார்லேப்பிலிருந்து இப்போதுள்ள வெர்ஷனை இறக்கிக்கொள்ளுங்கள். வின்ரார் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது. நாற்பது நாள் ட்ரையல் முடிந்தது என்று வருஷக்கணக்கில் நச்சரிக்க மட்டும் அதற்குத் தெரியும்!

விண்டோஸை அங்கே தேடவே வேண்டாம். விண்டோஸ் அப்டேட் ஓடுகிறதா என்று பாருங்கள், போதும். விண்டோஸ் 7 என்றால் 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு முடிந்தது. 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

இன்னொன்று. உள்ளூர்ப் பையன் எழுதிக் கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேரைத் தேடினால் ஒன்றுமே வராது. அதில் ஓட்டை இல்லை என்று அர்த்தமில்லை, யாரும் பார்த்துப் பதிவு செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

கேள்வி: எங்கள் பள்ளி லேபுக்கு என்விடி-யில் ஓட்டைப் பட்டியல் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டிருக்கிறது. 9.8 மதிப்பெண் வாங்கியதை முதலில் சரிசெய்யவா, 7.8-ஐயா?
(கணினி ஆசிரியை, வலங்கைமான்)

பதில்: மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வரிசை போடாதீர்கள், டீச்சர். பத்துக்கு இத்தனை என்பது, அடி விழுந்தால் எவ்வளவு பலமாக விழும் என்பதற்கு. அடி விழுகிறதா என்பதற்கு வேறு பட்டியல் இருக்கிறது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து, நிஜமாகவே தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓட்டைகளைத் தனியாகத் தொகுத்துவருகிறது. 'கெவ்' என்பார்கள். மேலே சொன்ன வின்ரார் ஓட்டைகள் இரண்டும் அதில் உண்டு. 38831-க்கு மதிப்பெண் 7.8-தான். கெவ்-வில் இருப்பதை அன்றைக்கே முடியுங்கள், மற்றதைச் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். மதிப்பெண் இடம் காலியாக இருந்தால் சின்ன ஓட்டை என்று விட்டுவிடாதீர்கள். 2024 தொடக்கத்திலிருந்து என்விடி-யில் வேலை தேங்கியதில் மதிப்பிடாமல் கிடந்தவை ஏராளம்.

கேள்வி: ஓட்டைகளை இப்படி ஊரறியப் போட்டு வைத்தால் திருடனுக்குத்தானே வசதி?
(கல்லூரி மாணவர், திருவையாறு)

பதில்: ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாகிரை வைரஸின் கதையைப் பாருங்கள் தம்பி. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்தது 2017 மார்ச் 14. தாக்குதல் தொடங்கியது மே 12. இடையில் இரண்டு மாதம், விஷயம் ஊரறிந்ததுதான். பட்டியலைப் படித்து அப்டேட் போட்டவர்கள் கம்ப்யூட்டரில் அது அந்த வழியாக நுழைய முடியவில்லை. பட்டியலே இல்லாமல் இருந்திருந்தால் அவர்களும்தான் மாட்டியிருப்பார்கள். நாளைக்கு நீங்களே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் மட்டும் உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். சாஃப்ட்வேர் செய்தவர்களுக்கு எழுதுங்கள், பதில் வராவிட்டால் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்கு எழுதுங்கள். சிவிஇ எண் வழங்கும் அதிகாரம் அவர்களுக்கும் உண்டு.