விழா மேடையில் வாசிப்பது: வயலின் கலைஞரிடம் கேள்வி பதில்

ஒரு இசைக்குழுவில் வயலின் வாசிப்பதுதான் என் தொழில். பல குழுக்கள் அடுத்தடுத்து ஏறும் திறந்தவெளி விழாக்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் குழுவுக்கு முதல்முறையாக விழாவில் இடம் கிடைத்திருக்கிறது. சவுண்ட் செக்குக்கு எவ்வளவு நேரம் தருவார்கள்?

வாழ்த்துகள்! ஆனால் முழு சவுண்ட் செக்கை, அதாவது ஒரு பாட்டையே வாசித்து ஒலி அளவுகளைச் சரிசெய்வதை, எதிர்பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் அன்றைய முக்கியக் குழுவுக்குத்தான். மற்றவர்களுக்கு லைன் செக் மட்டும். அதாவது ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியும், எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்ஸர் கருவி வரை போகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். முந்தைய குழு இறங்கி நீங்கள் ஏற 15 முதல் 30 நிமிடம் கிடைக்கலாம்.

என்னைக் கேட்டால், கச்சேரி அமைவதும் கெடுவதும் அந்த இடைவெளியில்தான். யார் எங்கே நிற்பார்கள் என்று காட்டும் ஸ்டேஜ் பிளாட், எந்த சேனலில் எந்த வாத்தியம், அதற்கு மைக்கா, ஒயரை நேராக மிக்ஸருக்கு இணைக்கும் டிஐ பாக்ஸா என்று சொல்லும் இன்புட் லிஸ்ட், இரண்டையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அச்சடித்த பிரதி ஒன்று கையிலும் இருக்கட்டும். ஒலியை மாற்றும் பெடல்களை மேடைக்குப் பின்னாலேயே இணைத்து, ஸ்ருதி சேர்த்து வைத்துவிட்டால், ஏறியதும் ஒயரைச் செருகினால் போதும்.

லைன் செக்கில் உங்களைக் கூப்பிடும்போது மட்டும் வாசியுங்கள். அதுவும் கச்சேரியில் வாசிக்கும் அதே பலத்தோடு. மெல்ல வாசித்துக் காட்டினால் ஒலி என்ஜினீயர் கெயினை, அதாவது மிக்ஸருக்குள் வரும் ஒலியின் பெருக்கத்தை, ஏற்றி வைப்பார். அப்புறம் முதல் பாட்டிலேயே ஒலி சிதறும், மைக் கூவும். என்ஜினீயரின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லியே பேசுங்கள். காலையிலிருந்து நிற்கிற மனிதர் அவர்.

பெரிய மேடையில் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. தாளமும் தள்ளாடுகிறது. என்ன செய்வது?

காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். எதிரே 50 மீட்டரில் ஒரு கட்டடம் இருந்தால், நீங்கள் வாசித்தது அதில் மோதிச் சுமார் 0.3 வினாடி கழித்துத் திரும்பி வரும். அதைக் கேட்டு வாசித்தால் தாளம் இழுக்கத்தான் செய்யும். அதனால் மைதானத்தைக் கவனிக்காதீர்கள், மேடையில் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் ஸ்பீக்கரான மானிட்டரை மட்டும் நம்புங்கள். அதிலும் எல்லாவற்றையும் கேட்காமல், உங்கள் வாத்தியம், தாளம், ஸ்ருதிக்குத் துணையாக ஒன்று, இவ்வளவு மட்டும் கேளுங்கள். மானிட்டர் கைவிட்டால் டிரம்மரின் கையைப் பாருங்கள். ஒருவரையொருவர் பார்க்கும்படி நிற்பது இதற்காகத்தான். ஒத்திகையிலும் சில நாள் மானிட்டர் இல்லாமல் வாசித்துப் பழகுங்கள்.

வெயிலில் ஸ்ருதி ஏன் மாறுகிறது?

உலோகத் தந்தி சூட்டில் நீளும்; இழுவிசை குறைந்து ஸ்ருதி இறங்கும். புல்லாங்குழலில் நேர் எதிர்: காற்று சூடானால் அதில் ஒலியின் வேகம் கூடி ஸ்ருதி ஏறும். ஆக இருவரும் எதிரெதிர்த் திசையில் விலகுவார்கள். ஏறுவதற்கு முன் வாத்தியத்தைக் கொஞ்ச நேரம் மேடையோர நிழலில் வைத்து, அந்தச் சூட்டுக்குப் பழகவிட்டு ஸ்ருதி சேருங்கள். பெட்டியை வெயிலில் நிற்கும் வண்டியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். வயலினின் பசையே இளகிவிடும்.

எங்களுக்குக் காலை நேரம். முன்னால் ஆளே இருக்காது என்கிறார்கள். போக வேண்டுமா?

கட்டாயம் போங்கள். 1969-ல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவில் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்தது திங்கட்கிழமை காலையில். கூட்டத்தில் பெரும்பகுதி அதற்குள் கிளம்பிவிட்டது. ஆனால் அந்த விழா என்றதும் இன்று பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த வாசிப்புதான். உங்கள் முன்னால் நாற்பது பேரே இருந்தாலும், அவர்கள் உங்களைக் கேட்க நேரத்தோடு எழுந்து வந்தவர்கள். அவர்களுக்காக முழு மனதோடு வாசியுங்கள்.

மழை வந்தால்?

அதே உட்ஸ்டாக் விழாவின் முதல் நாள் இரவில் ரவிசங்கர் மழைக்கு நடுவே சிதார் வாசித்தார். அவர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. இருந்தாலும் மேடை நனைந்தால் நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். ஈரமும் மின்சாரமும் சேர்ந்த இடத்தில் மேடை மேலாளர் இறங்கச் சொன்னால் பேச்சே இல்லை, இறங்கிவிட வேண்டும்.

காதுக்குப் பாதுகாப்பு தேவையா மேடம்? அடைப்பான் போட்டால் இசை மந்தமாகக் கேட்கிறதே?

தேவை, இன்றிலிருந்தே. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். விழா மேடையில் அந்த அளவு சாதாரணம். பஞ்சு அடைப்பான் உயர்ந்த ஒலிகளையே அதிகம் வெட்டுவதால்தான் மந்தம். இசைக்கலைஞர்களுக்கென்று எல்லா அலைவரிசைகளையும் ஏறத்தாழச் சமமாகக் குறைக்கும் அடைப்பான் இருக்கிறது. அதை வாங்குங்கள், மற்ற குழுக்களைக் கேட்கும்போதும் போட்டுக்கொள்ளுங்கள். காதுக்குள் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது.

45 நிமிடம் என்று சொல்லிவிட்டு, ஏறும்போது 30 என்றால்?

எந்தப் பாட்டை விடுவது என்று முந்தின நாளே முடிவு செய்து, பட்டியலில் அதற்கு ஒரு குறி போட்டுவிடுங்கள். வெட்டுவது நடுவில் இருக்கட்டும். முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் தொடாதீர்கள். நேரத்தைத் தாண்டி மட்டும் வாசிக்காதீர்கள். அது அடுத்த குழுவின் லைன் செக்கிலிருந்து போகும் நேரம்.