வான்வ்லீட் போனார், அவர் சம்பளம் எங்கே போனது?

கேள்வி: 2023 கோடையில் என்பிஏ கூடைப்பந்து வீரர் ஃபிரெட் வான்வ்லீட் டொராண்டோ ராப்டர்ஸை விட்டு ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். அவரைத் தக்கவைக்க ஆண்டுக்கு முப்பது மில்லியனாவது ஒதுக்கி வைத்திருப்பார்களே? அந்தப் பணத்துக்கு அதே தரத்தில் இன்னொருவரை எடுக்காமல், டெனிஸ் ஷ்ரூடரோடு நிறுத்திக்கொண்டது ஏன்? இனி யாருடைய ஒப்பந்தம் முடிந்தாலும் இதே கதைதானா? இன்னொரு விஷயம். யார் எந்த அணிக்குப் போவார் என்று முன்கூட்டியே சொல்வதாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் மாதச் சந்தா கேட்கிறார்கள். அதை வைத்து பெட் கட்டலாம் என்கிறார்கள். சேரலாமா?
— ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: கடைசிக் கேள்விக்கு இப்போதே பதில்: சேராதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் கேள்வியில் ஒரு தவறான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான ரசிகர்களுக்கு அது இருக்கிறது, தொலைக்காட்சியில் பேசுகிறவர்களில் பலருக்கும் இருக்கிறது. ஒருவர் போனால் அவர் சம்பளம் அணியின் கைக்குத் திரும்பி வரும், அதைக் கொண்டு வேறொருவரை வாங்கலாம் என்பதுதான் அது. என்பிஏ-வில் அப்படி நடப்பது அபூர்வம். அணியின் மொத்தச் சம்பளம் லீக் அதற்கென வகுத்த உச்சவரம்புக்கு மேலே இருக்கும்போது (சில சலுகைகளால் அதைத் தாண்ட முடியும்) ஒருவர் போனால் மிச்சமாவது முதலாளியின் பணம் மட்டுமே. இன்னொருவரை எடுக்கும் உரிமை அதோடு சேர்ந்து மிச்சமாவதில்லை.

எண்களைப் போட்டுப் பார்த்தால் விளங்கும் (எல்லாம் அமெரிக்க டாலர்). 2023-24 சீசனுக்கு உச்சவரம்பு சுமார் 136 மில்லியன். வான்வ்லீட் போன பிறகும் ராப்டர்ஸ் கணக்கில் இருந்தவை: சியாகம் 37.9, அனுநோபி 18.6, ட்ரெண்ட் ஜூனியர் 18.6, பூஷே 11.8, ஸ்காட்டி பார்ன்ஸ் 8, தாடியஸ் யங் 8, ஓட்டோ போர்ட்டர் 6.3. இந்த ஏழு பேருக்கே 109 மில்லியன் ஆகிவிடுகிறது. அச்சூவா, ஃபிளின், அந்த ஆண்டு டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுத்த கிரேடி டிக் போன்றவர்களின் சிறிய ஒப்பந்தங்களைச் சேர்த்தால் 120ஐத் தாண்டும். யாக்கோப் பெர்ட்லை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. 2023 பிப்ரவரியில்தான் டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றைக் கொடுத்து அவரை சான் அன்டோனியோவிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். அவருக்கு ஆண்டுக்கு 19.5 மில்லியன். அவரையும் சேர்த்தால் உச்சவரம்பு உடைந்துவிட்டது.

பெர்ட்லையும் விட்டுவிட்டிருந்தால்? 15 மில்லியனுக்கும் குறைவான இடம்தான் கிடைத்திருக்கும். அந்த இடத்தைப் பயன்படுத்தினால், உச்சவரம்புக்கு மேலே உள்ள அணிகளுக்குக் கிடைக்கும் ‘மிட்-லெவல்’ சலுகை பறிபோகும். அந்த ஆண்டு அதன் அளவு 12.4 மில்லியன். கூடையருகே ஆடும் சென்டரான பெர்ட்லை இழந்து இரண்டு மில்லியன் கூடுதலாகப் பெறுவதில் அர்த்தமில்லை. எனவே பெர்ட்லை வைத்துக்கொண்டு, மிட்-லெவலை முழுதாக ஷ்ரூடருக்குக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குச் சுமார் 25.4 மில்லியன். அந்த நேரத்தில் அவர்கள் கையில் இருந்த ஒரே நல்ல கருவி அதுதான். ஷ்ரூடரைத் திட்டுவதில் நியாயமில்லை.

அப்படியானால் வான்வ்லீட்டுக்கு மட்டும் எப்படிப் பெரிய தொகை கொடுத்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். ‘பேர்ட் உரிமை’ என்ற விதிவிலக்கு அதற்காகவே இருக்கிறது. ஃப்ரீ ஏஜென்ட்டாக (ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரக்கூடியவராக) அணி மாறாமல் மூன்று சீசன் ஆடிய வீரரை, அவருடைய சொந்த அணி உச்சவரம்பைத் தாண்டியும் மறுபடி ஒப்பந்தம் செய்யலாம். ஐந்து ஆண்டுகள் வரை கொடுக்கலாம், ஆண்டுக்கு 8 சதவீத உயர்வும் கொடுக்கலாம். வெளி அணியால் நான்கு ஆண்டு, 5 சதவீதம்தான் முடியும். ஆனால் இது அந்த ஒருவரைத் தக்கவைக்க மட்டும் தரப்படும் உரிமை. அவர் வேறு அணியில் கையெழுத்திட்ட நொடியில் அது அழிந்துபோகும். ஹூஸ்டன் மூன்று ஆண்டுகளுக்கு 128.5 மில்லியன் கொடுத்தது. முதல் ஆண்டுத் தொகை உச்சவரம்பில் 30 சதவீதம், அவருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சம். டொராண்டோவின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இதிலேயே இன்னொரு விதி இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் எந்தக் கோடையையும் நீங்களே கணக்குப் போடலாம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒப்பந்தம் முடிந்த வீரரின் பேர்ட் உரிமையை வைத்துக்கொள்ள வேண்டுமானால், அவர் பெயரில் ஒரு தொகை அணியின் கணக்கிலேயே நிற்கும். இதற்கு ‘கேப் ஹோல்ட்’ என்று பெயர். பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான்: ஆள் இன்னும் ஏறவில்லை, ஆனால் இடம் போய்விட்டது. அதன் அளவு பழைய சம்பளத்தைப் பொறுத்தது. லீக் சராசரிக்கு மேல் வாங்கியவருக்குப் பழைய சம்பளத்தில் 150 சதவீதம், கீழே வாங்கியவருக்கு 190 சதவீதம். வான்வ்லீட்டின் கடைசிச் சம்பளம் 21.25 மில்லியன் என்பதால் அவர் துண்டே 31.9 மில்லியன் அகலம்.

முதல் சுற்றில் தேர்வாகி, நான்கு ஆண்டு ஆரம்ப ஒப்பந்தத்தை முடித்த இளைஞருக்குக் கணக்கு வேறு. சராசரிக்குக் கீழே சம்பளம் வாங்கியிருந்தால் 300 சதவீதம். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் அவர்களின் பழைய சம்பளமே சிறியது. 2024இல் பிலடெல்பியா செய்ததைப் பாருங்கள். டைரீஸ் மேக்ஸியின் கடைசிச் சம்பளம் 4.34 மில்லியன், மும்மடங்கு 13 மில்லியன். ஜூலையில் அவர் வாங்கப்போவதோ 35 மில்லியன். அவரிடம் உடனே கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த 35 கணக்கில் ஏறி, பால் ஜார்ஜுக்கு இடமே இருந்திருக்காது. எனவே மேக்ஸியை 13 மில்லியனில் நிறுத்திவைத்தார்கள். டோபியாஸ் ஹாரிஸின் உரிமையைக் கைவிட்டார்கள். கிடைத்த இடத்தில் ஜார்ஜை நான்கு ஆண்டுகளுக்கு 212 மில்லியனில் எடுத்தார்கள். அதன் பிறகே, பேர்ட் உரிமையைக் கொண்டு உச்சவரம்பைத் தாண்டி, மேக்ஸிக்கு ஐந்து ஆண்டு, 204 மில்லியன். வரிசை மாறியிருந்தால் இருவரில் ஒருவர்தான் கிடைத்திருப்பார்.

இந்த வித்தைக்கு மூன்று நிபந்தனைகள் பொருந்தி வர வேண்டும்: துண்டு சிறியதாக, வரப்போகும் சம்பளம் பெரியதாக, அணியின் மற்றக் கணக்கு காலியாக இருக்க வேண்டும். வீரரும் பொறுமையாகக் காத்திருக்கச் சம்மதிக்க வேண்டும். ராப்டர்ஸுக்கு 2023இல் துண்டும் சிறியதாக இல்லை, கணக்கும் காலியாக இல்லை. ‘பிலடெல்பியாவால் முடிந்தது, நம்மால் ஏன் முடியவில்லை’ என்பவர்கள் இந்த நிபந்தனைகளைப் பார்ப்பதில்லை.

இனி உங்கள் அடுத்த கேள்வி, எப்போதும் இதே கதையா என்பது. இல்லை. ஆனால் கதையை மாற்றும் மாதம் ஜூலை அல்ல, அணிகள் வீரர்களைக் கைமாற்றும் (டிரேட்) காலம் முடிகிற பிப்ரவரி. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரைதான் அதற்கு விலை. கைமாற்றினால் பேர்ட் உரிமையும் வீரரோடு கூடவே போகும், வாங்குகிற அணி அதற்கும் சேர்த்தே விலை கொடுக்கும். 2023 டிசம்பரில் அனுநோபியை நியூயார்க்குக்குக் கொடுத்து ஆர்.ஜே. பாரெட், இம்மானுவேல் குவிக்லி இருவரையும் வாங்கினார்கள். 2024 கோடையில் நியூயார்க் அனுநோபிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 212.5 மில்லியன் கொடுத்துத் தக்கவைத்தது கூடவே போன அந்த உரிமையால்தான். டொராண்டோ குவிக்லியைத் தக்கவைத்ததும் அதே வழியில்.

எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் புரூஸ் பிரவுன். சியாகமை இண்டியானாவுக்குக் கொடுத்தபோது மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளோடு வந்தவர். 2024 கோடையில் அவரை விட்டுவிடலாம், அல்லது 23 மில்லியன் கொடுத்து இன்னும் ஒரு ஆண்டு வைத்துக்கொள்ளலாம். அவர் ஆட்டத்துக்கு இது அதிகம் என்று பலரும் முணுமுணுத்தார்கள். வைத்துக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில் அந்த 23 மில்லியனோடு ஒலினிக்கின் 12.8ஐயும் சேர்த்து, ஒரு முதல் சுற்றுத் தேர்வும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வும் கொடுத்து, 36 மில்லியன் சம்பளத்திலிருந்த பிராண்டன் இங்கிரமைக் கொண்டுவந்தார்கள். கைமாற்றில் இரு பக்கச் சம்பளமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், அந்த எடைக்கு பிரவுனின் ஒப்பந்தம் உதவியது. கோடையிலேயே விட்டிருந்தால் இங்கிரம் வந்திருக்கமாட்டார்.

வான்வ்லீட் விஷயத்தில் தவறு நடந்தது 2023 பிப்ரவரியில். ப்ளே-இன் (பிளேஆஃப்புக்கு முந்தைய தகுதிச் சுற்று) இடத்துக்குப் போராடிய அணி, ஒப்பந்தம் முடியப்போகும் முக்கிய வீரரைக் கைமாற்றாமல் வைத்துக்கொண்டு, மேலே ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் செலவழித்தது. அந்தத் தேர்வு 2024இல் எட்டாவது இடத்தில் போய் நின்றது.

‘சைன் அண்ட் டிரேட்’ (பழைய அணியே புது ஒப்பந்தம் போட்டு உடனே கைமாற்றுவது) செய்திருக்கலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். 2021இல் கைல் லௌரி மயாமிக்குப் போனபோது டிராகிச், அச்சூவா இருவரும் டொராண்டோவுக்கு வந்தார்கள். மயாமியிடம் உச்சவரம்பில் இடம் இல்லாததால் அவர்களுக்கு டொராண்டோவின் தயவு தேவைப்பட்டது. 2023இல் ஹூஸ்டனிடம் இடம் நிறைய இருந்தது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 2019இல் கவாய் லெனர்டு கிளிப்பர்ஸுக்குப் போனபோதும் இதே நிலைமை, அப்போதும் ஒன்றும் திரும்பி வரவில்லை. போகிற வீரருக்குப் பதிலாக ஏதாவது கிடைக்குமா என்பது அவரை வாங்குகிற அணியின் பையைப் பொறுத்தது.

இப்போது அந்த வாட்ஸ்அப் குழு. உள் தகவல் என்று விற்கப்படுவது இரண்டே வகைதான். ஒன்று பொய். மற்றது உண்மையாகவே உள்ளிருந்து வந்தது. அது பொய்யைவிட ஆபத்து. ராப்டர்ஸ் வீரர் ஜோன்டே போர்ட்டர் தன் உடல்நிலை பற்றிய தகவலைப் பந்தயக்காரர்களுக்குக் கொடுத்ததற்காகவும், பந்தயத்துக்காக ஆட்டத்திலிருந்து பாதியில் விலகியதற்காகவும் 2024 ஏப்ரலில் லீக்கிலிருந்து ஆயுள் தடை பெற்றார். அந்தக் கயிற்றின் எந்த முனையையும் நீங்கள் பிடிக்க வேண்டாம். ஒன்டாரியோவில் பந்தயச் சந்தை 2022 ஏப்ரலிலிருந்து சட்டப்படி திறந்திருக்கிறது என்பதால், அதைச் சுற்றி முளைக்கிற தரகர்கள் எல்லாரும் சட்டப்படி நடப்பவர்கள் ஆகிவிடமாட்டார்கள்.

சந்தா கேட்பவர்கள் ஒரு பழைய தந்திரம் வைத்திருக்கிறார்கள். பல குழுக்கள் நடத்துவார்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அணியின் பெயரைச் சொல்வார்கள். பலித்த குழுவின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் விளம்பரமாகப் போட்டு, மற்றவற்றை அழித்துவிடுவார்கள். பிரபல செய்தியாளர்களின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலிக் கணக்கு தொடங்குவதும் உண்டு. கணக்கின் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். நீலக் குறியை நம்பாதீர்கள், அது காசுக்குக் கிடைக்கிறது.

நேர்மையான செய்தியாளர் சொல்வதையும் சல்லடையில் போட வேண்டும். ‘பல அணிகள் ஆர்வம் காட்டுகின்றன’ என்ற வரி ஏஜென்ட் தரப்பிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஏலத்துக்கு இரண்டாவது ஆள் தேவை, இல்லாவிட்டால் உருவாக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த அணி எந்தக் கருவியால் சம்பளம் கொடுக்கும்? உச்சவரம்பில் இடமா, மிட்-லெவலா, சைன் அண்ட் டிரேடா? மூன்றில் ஒன்றும் பொருந்தவில்லை என்றால் அந்தச் செய்தியை ஒதுக்கிவிடுங்கள். ஜூன் மாத வதந்திகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியில் விழுந்துவிடும்.

இந்த நாடகத்தை லீக்கே வளர்க்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளி அணிகள் ஜூன் 30, டொராண்டோ நேரம் மாலை 6 மணிக்குத்தான் பேசத் தொடங்கலாம் என்பது விதி. ஆறு மணி தாண்டிய நிமிடங்களிலேயே நூறு மில்லியன் ஒப்பந்தங்கள் ‘முடிந்து’ வெளிவருகின்றன. லௌரியிடம் முன்கூட்டியே பேசிய விஷயத்தில் நான்கு மாதம் விசாரித்து மயாமியிடமிருந்து ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வைப் பறித்தார்கள். ஜேலன் பிரன்சனை முன்கூட்டியே பேசி எடுத்ததற்கு நியூயார்க்குக்கும் அதே தண்டனை. ஓர் அணியைத் தூக்கி நிறுத்தக்கூடிய வீரருக்கு ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு என்றால் எந்த மேலாளரும் சிரித்துக்கொண்டே கட்டுவார். விதியை மதிக்கிற அணி நஷ்டப்படுகிறது, ரசிகர்கள் வதந்திக் கடைகளுக்கு இரையாகிறார்கள்.

அடுத்த கோடைக்கு நீங்களே செய்யக்கூடிய கணக்கு இது. வீரர்களின் சம்பளங்களைப் பட்டியலிடும் ஸ்போட்ராக் போன்ற தளத்தில் ராப்டர்ஸ் பக்கத்தைத் திறந்து, அடுத்த சீசனுக்கு உறுதியான சம்பளங்களை மட்டும் கூட்டுங்கள். ஒப்பந்தம் முடிகிறவர்களின் கேப் ஹோல்ட் தொகைகளைத் தனியே எழுதுங்கள். இரண்டையும் கூட்டி அந்த ஆண்டின் உச்சவரம்போடு ஒப்பிடுங்கள். 2025-26இல் பார்ன்ஸ், இங்கிரம், குவிக்லி, பாரெட், பெர்ட்ல் ஐவரின் சம்பளமே சுமார் 156 மில்லியன், உச்சவரம்பு 154.6. இப்படியிருக்கும் அணியிலிருந்து எட்டு மில்லியன்காரர் ஒருவர் போனால் எட்டு மில்லியன் இடம் வராது, ஒரு டாலர் இடம்கூட வராது. மிட்-லெவல், குறைந்தபட்சச் சம்பள ஒப்பந்தம், கைமாற்று ஆகியவைதான் வழிகள். முழு மிட்-லெவலைத் தொட்டால் அந்த ஆண்டு முழுவதும் உச்சவரம்புக்கும் மேலே உள்ள ‘முதல் ஏப்ரன்’ என்ற சம்பளக் கோட்டைத் தாண்டவே முடியாது (2025-26இல் அது சுமார் 196 மில்லியன்), அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரிக் கைமாற்று முடிவதற்கு இரண்டு வாரம் முன்பு இந்தத் தாளை எடுத்து, அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடியும் பெயர்களைப் பாருங்கள். எந்தெந்த அணிகளிடம் உச்சவரம்பில் இடம் இருக்கப்போகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் முக்கிய வீரரின் பெயர் ஒரு பத்தியிலும், பணம் உள்ள இரண்டு அணிகள் எதிர்ப் பத்தியிலும் இருந்தால், அவரை அந்த வாரத்திலேயே விற்க வேண்டும், அல்லது ஜூலையில் அந்த அணிகள் அவருக்குத் தரும் விலையைக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.