கீமோவுக்கு முந்தைய ஸ்டீராய்டு மாத்திரை விட்டுப்போனால் என்ன செய்வது?

நாளைக்கு அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான டோசிடாக்செல் கீமோ, இன்று காலை போட வேண்டிய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை விட்டுப்போய்விட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். நீங்களாக ராத்திரி வேளையோடு சேர்த்து இரண்டு மடங்காகக் கொடுக்க வேண்டாம், சர்க்கரை உள்ளவர் என்றால் எகிறிவிடும்.

நான் மருத்துவர் இல்லை. மும்பை செம்பூரில் இருக்கிறோம், என் அத்தைக்கு இதே கீமோ ஏறியபோது கூடவே இருந்தேன். வழக்கமாக டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை, கீமோவுக்கு முந்தின நாள் தொடங்கி 3 நாள் கொடுப்பார்கள். ஒவ்வாமையை அடக்கவும், உடம்பில் நீர் கோத்துக் கால் வீங்குவதைக் குறைக்கவும்தான் அது. விட்டுப்போனது தெரிந்தால் நரம்பு வழியாகவே டெக்ஸாமெத்தசோன் போட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து கீமோவைத் தொடங்குவதுண்டு, சில சமயம் தள்ளியும் வைப்பார்கள். அது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

எனக்குக் கவலை தருவது மறைப்பதுதான். கல்யாணிலிருந்து விடியற்காலை லோக்கல் ரயில் பிடித்து வந்தவர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து வாயைத் திறப்பதில்லை. நர்ஸ் அவசரமாக இந்தியில் "கோலி லியா?" (மாத்திரை போட்டாச்சா?) என்று கேட்க, புரிந்தும் புரியாமலும் தலையாட்டிய நம் ஊர் அம்மா ஒருவரை நானே பார்த்தேன், நல்லவேளையாக அவர் மகள் குறுக்கே வந்து சொன்னாள். ஒருநாள் தள்ளிப்போவது பெரிய நஷ்டமே இல்லை. மறைப்பதில்தான் ஆபத்து: கீமோ மருந்து ஏறத் தொடங்கிய முதல் சில நிமிடங்களிலேயே ஒவ்வாமையால் முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, மூச்சு வாங்கலாம், அதுவும் முதல் இரண்டு தடவைகளில்தான் இது அதிகம். அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், டிரிப்பை நிறுத்துவார்கள்.

அப்புறம், மாத்திரை அட்டையையும் ஒருமுறை பாருங்கள். டெக்ஸாமெத்தசோன் 0.5 மி.கி.யிலும் வருகிறது, 4 மி.கி.யிலும் வருகிறது. 8 மி.கி.க்கு 4 மி.கி. மாத்திரை இரண்டு போதும், 0.5 என்றால் பதினாறு வேண்டும். கடையில் மாற்றிக் கொடுத்திருந்தால், வேளை தவறாமல் இரண்டு மாத்திரை போட்டும் ஒரு வேளைக்கு உடம்பில் சேர்ந்தது 1 மி.கி.தான். போனில் பேசும்போது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் எண்ணையும் அம்மா கடைசியாக எத்தனை மணிக்கு எத்தனை மாத்திரை போட்டார் என்பதையும் சொல்லுங்கள். நாளைக்கு அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள்.