தூரிகை கேள்வி – பதில்: ஜார்ஜியா ஓகீஃபின் பாலைநிலம்

நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் நடந்து நடந்து வரைந்த அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் (1887–1986) பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில.

‘பிளாக் பிளேஸ்’ ஓவியங்களில் குன்று எங்கே என்றே பிடிபடவில்லை. கண்ணால் பார்த்த இடம் எப்படி இப்படி அரூபமாகிறது? – ஈரோடு வாசகர்

கால வரிசையில் பாருங்கள், பிடிபட்டுவிடும். அவர் தங்கியிருந்த கோஸ்ட் ராஞ்ச்சிலிருந்து மேற்கே சுமார் 240 கி.மீ. தள்ளி இருக்கும் சாம்பல் நிறக் குன்றுகளுக்கு அவரே வைத்த பெயர் அது. ஒரு மைல் நீளத்துக்கு யானைகள் நிற்பதுபோல இருக்கிறது என்பார். 1936 முதல் 1949 வரை அங்கே திரும்பத் திரும்பப் போனார். 1941-இல் வரைந்த ‘கிரே ஹில்ஸ்’ ஓவியத்தில் குன்றுகள் குன்றுகளாகவே தெரிகின்றன. 1944 வரிசையில் இரண்டு குன்றுகளுக்கு நடுவிலுள்ள பிளவே படத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வடிவம் மண்ணில் உள்ளதுதான். சுற்றியிருந்ததை ஒவ்வொன்றாக அவர் விலக்கிவிட்டார்.

பாலைநிலக் காற்றும் இதற்குத் துணை. ஈரப்பதமும் தூசிப்புகையும் குறைவாக இருக்கும் நாட்களில் தொலைவிலுள்ள குன்றுகூட வெளிறாமல், ஓரம் மழுங்காமல் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். தொலைவைக் காட்ட நாம் வழக்கமாக நம்பும் நீல மங்கல் அங்கே கைகொடுக்காது. காட்சி தானாகவே தட்டையான வடிவங்களாகிவிடும்.

நீங்கள் செய்துபார்க்க ஒரு முறை: அஞ்சலட்டை அளவுத் தாள், 4பி பென்சில், மூன்றே தொனிகள் (வெளிச்சம், நடுத்தரம், இருட்டு). ஒரே பாதையில் காலை, உச்சி, மாலை என மூன்று வேளையும் நடந்து வரையுங்கள். சாய்வெயிலில் மண்ணின் மடிப்புகள் எழும்பி நிற்கும். உச்சி வெயிலில் மடிப்பு செத்து வெளிக்கோடு மட்டும் மிஞ்சும். அடுத்து ஓர் அட்டையில் 6 × 7.5 செ.மீ. சாளரம் வெட்டி அதன் வழியே பாருங்கள் (24 × 30 அங்குல கான்வாஸின் விகிதம் இது). முகத்தருகே பிடித்தால் வானம் உள்ளே வந்துவிடும். கையை முழுதாக நீட்டிப் பிடித்தால் பிளவு மட்டும் விழும். அதை வரையுங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஓரங்கள். அரூபம் என்றாலே எல்லா ஓரத்தையும் ஒரே மாதிரி மழுக்கிவிடுகிறார்கள். பிளவின் ஓரம் கூர்மையாக நிற்க, அதைவிட்டு விலக விலகச் சரிவு மெல்ல மாற வேண்டும். அப்போதுதான் மண்ணின் கனம் தெரியும்.

செம்மண் குன்று வரைந்தால் எனக்கு ரோஸ் பவுடர் பூசியதுபோல் வருகிறது. – மதுரை வாசகர்

வெள்ளையை முதலில் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டைட்டானியம் வெள்ளை சிவப்பைக் குளிர்வித்து, சுண்ணாம்பு கலந்ததுபோல் ஆக்கிவிடும். கோஸ்ட் ராஞ்ச் குன்றுகளின் அடியில் செங்களிமண் பாறை, அதற்கு மேல் வெளிர்மஞ்சள் மணற்கல், உச்சியில் வெண்ணிற ஜிப்சம். அடிப்பாறைக்கு அந்தச் சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. அதனால் டியூபிலும் இரும்பு ஆக்சைடு நிறங்களையே எடுங்கள். வெயில் பட்டும் வெளுக்காதவை அவை. பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) 3 பங்கு, யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்) 2 பங்கு என்று தொடங்கலாம். வெளிறச் செய்ய முதலில் ஓக்கரைக் கூட்டுங்கள். வெள்ளை கடைசியில், அரைப் பங்குக்குள். இருட்டாக்கக் கறுப்பு வேண்டாம், பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு) போதும்.

சாம்பல் குன்றுக்கு அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் ஏறக்குறையச் சம அளவு, பிறகு வெள்ளை. வெயில் பக்கம் சியன்னாவும் நிழல் பக்கம் நீலமும் சற்றுக் கூடட்டும். எண்ணெய் வண்ணத்தில் ஐவரி பிளாக்கை அடிப்பூச்சாகப் போடாதீர்கள். அது மெதுவாகக் காயும். மேலே சீக்கிரம் காயும் அம்பரைப் பூசினால் மேற்பூச்சு வெடிக்கும். ஒவ்வொரு கலவையையும் சின்ன அட்டையில் தடவி, பின்புறம் பங்கை எழுதி வையுங்கள். ஓகீஃபும் தனக்கென நிற அட்டைகள் செய்து வைத்திருந்தார்.

அவர் வண்ணத்தில் பாலைவன மணலைக் கலந்தாரா? நான் அக்ரிலிக்கில் மணல் கலந்தேன், உதிர்ந்துவிட்டது. – திருச்சி வாசகர்

கலக்கவில்லை. நெருக்கமான நெசவுள்ள கான்வாஸில் வழுவழுப்பான பரப்பைத்தான் அவர் விரும்பினார். ஆனால் அவருடைய பல ஓவியங்களில் ஊசிமுனை அளவு பருக்கள் உண்டு. காற்றில் வந்து ஒட்டிய மணல் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். உண்மையில் அவை உலோக சோப்புகள். வண்ணத்திலும் அடிப்பூச்சிலும் உள்ள ஈயம், துத்தநாகம் போன்றவை எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களோடு வினைபுரிந்து, திரண்டு, மேற்பரப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகின்றன. ஈரமும் வெப்பமும் இதைத் தூண்டும். எண்ணெய் வண்ணம் பூசுபவர்கள் வெள்ளை டியூபின் லேபிளைப் படியுங்கள். நிறமிக் குறியீடாக பி.டபிள்யூ. (PW) 6 மட்டும் இருந்தால் டைட்டானியம், பி.டபிள்யூ. 4 சேர்ந்திருந்தால் துத்தநாகம், அதைத் தவிர்க்கலாம்.

உங்கள் மணல் உதிர்ந்ததற்குக் காரணம் பசை போதாததுதான். தண்ணீர் தெளியும்வரை மணலைக் கழுவுங்கள்; உப்பு தங்கினால் பின்னால் வெள்ளையாகப் பூக்கும். நன்றாகக் காயவைத்துச் சலித்து, 1 பங்கு மணலுக்கு 3 பங்கு அக்ரிலிக் ஜெல் மீடியம் (வண்ணத்தில் கலக்கும் கெட்டியான பசை) சேருங்கள். வெறும் வண்ணமும் தண்ணீரும் மணலைப் பிடித்து வைக்காது. கான்வாஸ் தொய்ந்து அசைவதால் 9 மி.மீ. பிளைவுட் நல்லது. ஒரு பூச்சு 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பலகையைப் படுக்கவைத்தே காயவிடுங்கள்.

அந்த வெயிலில் வெளியே உட்கார்ந்து எப்படி வரைந்தார்? – சென்னை வாசகர்

ஃபோர்டு மாடல் ஏ காரே அவருக்கு ஸ்டுடியோ. முன் இருக்கையைத் திருப்பிப் போட்டு, பின் இருக்கையில் கான்வாஸைச் சாய்த்து வரைவார். வெயில் தாங்காதபோது காருக்கு அடியில் தவழ்ந்துபோய் நிழலில் படுத்துக்கொள்வார்.

அந்த இடங்களை நேரில் பார்க்க முடியுமா? – கோவை வாசகர்

முடியும். கோஸ்ட் ராஞ்ச்சில் அவர் வரைந்த இடங்களைச் சுற்றிக்காட்டுகிறார்கள். அபிக்யூ ஊரிலுள்ள அவரது வீட்டுக்கு, 1997-இல் சான்டா ஃபேயில் திறந்த ஓகீஃப் அருங்காட்சியகத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் போனால் காலையிலேயே நடந்து முடித்துவிடுங்கள். பிற்பகல் இடிமழையில் களிமண் பாதை வழுக்கும், காரும் நகராது.