ஏற்காடு ரோட்டுக்கு டயரில் ஆணி வேண்டாம்

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்காகத் தினமும் சேலத்தில் இருந்து 100 சிசி பைக்கில் போகிறேன். மழை பெய்தால் கொண்டை ஊசி வளைவிலும், எஸ்டேட்டுக்குள் செம்மண் பாதையிலும் பின்சக்கரம் வழுக்குகிறது. வெளிநாட்டில் டயரில் ஆணி பதித்து ஓட்டும் வீடியோ பார்த்தேன். கூரை ஷீட்டுக்கு அடிக்கிற ஸ்க்ரூவை வைத்து நானும் அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யவே செய்யாதீர்கள். நீங்கள் பார்த்தது ஸ்வீடன், ஃபின்லாந்து மாதிரி நாடுகளில் உறைபனிக்குச் செய்கிற ஏற்பாடு. பனிக்கட்டி இரும்பைவிட மென்மையானது. ஆணி முனை அதில் குத்தி இறங்கிப் பிடித்துக்கொள்ளும். நம் தார் ரோட்டில் இருப்பது கருங்கல் ஜல்லி. ஆணி அதில் இறங்காது, சறுக்கும். மழையில் உங்களைத் தாங்குவது ரப்பர்தான். அது ஜல்லியின் மேடு பள்ளத்துக்குள் அமுங்கிப் பிடிக்கிறது. ஸ்க்ரூ தலை நீட்டிக்கொண்டிருந்தால் அதைச் சுற்றி ரப்பர் தரையைச் சரியாகத் தொடாது. அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டியை இரும்பு மேல் சாய்ப்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் வண்டியில் டியூப் டயர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். புது டயரிலேயே பட்டன் (டயர் மேல் எழும்பி நிற்கிற ரப்பர் கட்டை) உயரம் ஒரு சென்டிமீட்டர் இருக்காது. ஸ்க்ரூ முனை டியூபுக்கு மிக அருகில் நிற்கும். டயர் சுற்றும்போது நெளிந்து நெளிந்து அது உள்ளே ஏறினால், இறக்கத்தில் காற்று மொத்தமும் போய்விடும். கழன்று தெறித்தால் பின்னால் வருகிறவர் முகத்தில் அடிக்கும்.

சேற்றிலும் ஆணியால் பயனில்லை, களிமண்ணோடு சேர்ந்து அமுங்கிவிடும். அங்கே வேலை செய்வது பட்டன்களின் ஓரமும், நடுவில் உள்ள இடைவெளியும்தான். மண் உதிர வழி வேண்டும். அதனால் பின்சக்கரத்துக்கு தார், மண் இரண்டுக்கும் ஆன பட்டன் டயர் போடுங்கள். பட்டன் ரொம்பத் தள்ளித் தள்ளி இருக்கிற காட்டு டயர் வேண்டாம், ஈரத் தாரில் அது ஆடும். முன்சக்கரத்துக்குச் சாதாரண ரோடு டயரே போதும்.

அதற்கு முன்னால் இப்போதுள்ள டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் சின்ன முக்கோணம் அல்லது டி.டபிள்யூ.ஐ. என்று இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு தெரியும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டிருந்தால், வழுக்கலுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

எஸ்டேட் பாதையில் காற்றை நான்கைந்து பிஎஸ்ஐ குறைத்தால் பிடிப்பு கூடும். அதற்கு மேல் குறைத்தால் டயர் ரிம்மில் நழுவி, வால்வைப் பிய்த்துவிடும். தார் ரோட்டுக்குத் திரும்பும் முன் மறுபடி நிரப்ப வேண்டும், ஒரு கைப்பம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் இரண்டாம் கியர், இரண்டு பிரேக்கும் மெதுவாக. சில்வர் ஓக் இலை நனைந்து கிடக்கிற வளைவில் சாய்க்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். புது டயர் போட்டால் முதல் 100 கிலோமீட்டருக்கு இன்னும் நிதானம் வேண்டும். மேல் வழவழப்பு தேயும்வரை அதுவும் வழுக்கும்.