தகுதிச் சோதனையில் உங்கள் பைக்கை 'ஹேண்டில் நடுவில் பிடிக்கிறது' என்று திருப்பிவிட்டார்களா?

இறுக்கிப் பார்ப்பதில் பயனில்லை, கோன் செட்டை (ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் மேலும் கீழும் இருக்கும் பேரிங்குகள்) மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஓட்டும்போது எதுவும் தெரியவில்லையே, தகுதிச் சோதனையில் மட்டும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சோதிப்பவர் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் திருப்புவார். சக்கரம் தரையில் இருந்தால் டயரின் உராய்வே அந்தச் சின்னத் தடையை மறைத்துவிடும்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: வண்டி அதிக நேரம் நேராகவே ஓடுகிறது, பள்ளத்தில் விழுகிற அடியெல்லாம் பேரிங் கிண்ணத்தில் அதே இடத்தில் இறங்கி, குண்டுகள் போய் உட்காருகிற மாதிரி குழி விழுந்துவிடும். இறுக்கினால் ஆட்டம் நிற்கும், குழி போகாது.

நீங்களே பார்க்கலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி, விரல் நுனியால் ஹேண்டிலைத் திருப்புங்கள். நேராக வரும்போது 'டக்' என்று உட்கார்ந்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரு குழாய்கள்) அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், 'கடக்' என்றால் கோன் செட்டில் தளர்வும் இருக்கிறது (ஃபோர்க்குக்குள் இருக்கும் புஷ் என்ற உறை தேய்ந்தாலும் இதே ஆட்டம் வரும், குழம்பாதீர்கள்).

ஆனால் ஒன்று, கிளட்ச் கேபிளோ வயரிங்கோ எங்காவது சிக்கி இழுத்தாலும் பிடிப்பது போலத்தான் இருக்கும். காசு செலவழிக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். மாற்றும்போது மேலும் கீழும் கிண்ணத்தோடு மாற்றச் சொல்லுங்கள், குண்டுகளை மட்டும் மாற்றினால் பழைய குழி அப்படியே இருக்கும்.