மென்பவளம் சரி, அடியில் ஒட்டியிருக்கும் கல்?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். வீட்டில் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் அறிமுகமானவரிடம் 14,000 ரூபாய்க்கு ‘சாஃப்ட் கோரல்’ (கல் கூடு இல்லாத, உயிருள்ள மென்பவளம்) ஆறு துண்டுகள் வாங்கினேன். லெதர், மஷ்ரூம், ஸோவா, ஒரு டார்ச் என்று கடைப்பெயர் கொண்ட வகைகள். பார்சல் பஸ்ஸில் வந்தது, பில் கிடையாது. “இந்தோனேசியாவிலிருந்து வந்த சரக்கு, பயமில்லை” என்றார். வனத்துறை வழக்குப் போடும் என்று நண்பர் சொல்கிறார். மனைவி வெந்நீரை ஊற்றிக் குப்பையில் கொட்டச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த வெந்நீரை நிறுத்துங்கள். இது சட்டத்தில் சேராத சங்கதி, ஆனாலும் சொல்கிறேன். ஸோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

இனி வழக்கு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு பவளங்கள் சேர்க்கப்பட்டன. சுண்ணாம்புக் கூடு கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப், கடல் விசிறி ஆகியவை அதில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. லெதர், மஷ்ரூம், ஸோவா ஆகியவற்றின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. கடைக்காரர்கள் ‘சாஃப்ட் கோரல் தாராளமாக வாங்கலாம்’ என்று சொல்வது இந்த ஒரு வரியை நம்பித்தான்.

ஆனால் உங்கள் டார்ச் மென்பவளமே அல்ல. தண்ணீரில் அது தலைமுடிபோல் அலைவதைப் பார்த்து ஏமாந்திருக்கிறீர்கள். இரவில் விளக்கணைத்து, அது சுருங்கியபின் அடியில் பாருங்கள்: கத்திமுனைபோன்ற வரிகளோடு வெள்ளைச் சுண்ணாம்புக் கிண்ணம் தெரியும். அது கல் பவளம். ஹாமர் என்று விற்கும் வகையும் அப்படியே. கடல் விசிறியையும் சாஃப்ட் கோரல் என்றே விற்கிறார்கள்.

அடுத்தது, யாரும் கவனிக்காதது. மஷ்ரூமும் ஸோவாவும் எதன்மேல் ஒட்டி வந்தன? சிமென்ட் வில்லையா, பீங்கானா என்றால் கவலை குறைவு. ‘லைவ் ராக்’ என்று விற்கும் கல் பெரும்பாலும் செத்த கல் பவளத்தின் எலும்புக்கூடு. மேலே இருக்கும் உயிர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அடியில் இருக்கும் கல் உங்களை மாட்டிவிடலாம். அது மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்காவில் எடுத்ததாக இருந்தால் அட்டவணையைப் புரட்டவே வேண்டாம். தேசியப் பூங்காவிலிருந்து உயிரினத்தை எடுப்பதே தனிக் குற்றம்.

‘இந்தோனேசியச் சரக்கு’ என்ற வாய்ச்சொல் நீதிமன்றத்தில் நிற்காது. கல் பவளம், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. அந்நாட்டு ஏற்றுமதி அனுமதி, இங்கே இறக்குமதி அனுமதி என்று காகிதம் வேண்டும். அது இல்லாமல் பொருள் உங்களிடம் இருந்தால் வன உயிரினச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி அதைச் சட்டவிரோதமாக வைத்திருக்கிறீர்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. குறைந்தபட்சச் சிறைத்தண்டனை இருப்பதால், சமரசத் தொகை கட்டி வெளியே வரவும் வழியில்லை.

ஆகவே டார்ச்சை விற்காதீர்கள், நண்பருக்குக் கொடுக்காதீர்கள், கொட்டாதீர்கள். கொட்டினால் தடயத்தை அழித்தீர்கள் என்ற பழியும் சேரும். தொட்டியைப் படமெடுங்கள், வாட்ஸ்ஆப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம், பஸ் பார்சல் சீட்டு எதையும் அழிக்க வேண்டாம். குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பார்த்து, அவர் வழியாக மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம் கொடுத்து ஒப்படையுங்கள். தனியாக வனச்சரக அலுவலகத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்து என்னைக் கேட்காதீர்கள். ஒப்படைத்தால் வழக்கே வராது என்று உறுதி தரமாட்டேன். ஜாமீன் கேட்கும்போதும் உங்கள் நோக்கத்தை எடைபோடும்போதும் அது உங்கள் பக்கம் நிற்கும்.

14,000 ரூபாயைத் திரும்பப் பெற நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு வரும். அந்தப் புகாரின் முதல் பத்தியிலேயே, பில் இல்லாமல் கல் பவளம் வாங்கினேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும்.